வீட்டுக்கு வரும் இணைப்பும் நாங்கள் வைக்கும் கையெழுத்தும்



முகாமை விட்டு வெளியேறி ஒரு வாடகை வீட்டின் திறப்பு கைக்கு வந்ததும் எமது குடும்பங்கள் முதலில் தேடுவது மூன்று பொருட்களை. படுக்க ஒரு மெத்தை, சமைக்க ஓர் அடுப்பு, ஊரில் இருக்கும் தாய் தகப்பனின் முகத்தைப் பார்க்க இன்ரர்நெற். முதல் இரண்டிலும் பெரிய ஆபத்து இல்லை. பழைய மெத்தை பழுதாகப் போனால் கொடுத்த காசுடன் நட்டம் முடிந்துவிடும். மூன்றாவது அப்படியல்ல. அதற்கு ஒரு கையெழுத்து வைக்கவேண்டும். அந்தக் கையெழுத்து 24 மாதங்கள் எம்மைப் பின்தொடரும்.

நான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஊரில் சாதாரண தரத்துடன் பள்ளிக்கூடத்தை விட்டவன், சட்டம் படித்தவனல்ல. ஆஹெனில் எமது தெருவில் வாழும் நாலைந்து தமிழ்க் குடும்பங்களின் தபாற்பெட்டியில் விழும் கடிதங்களை, கொஞ்சம் டொச் தெரிந்தவன் என்ற முறையில், வாசித்துச் சொல்லும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. அவற்றில் அரைவாசிக்கு மேல் தொலைபேசிக் கம்பனிகளின் கடிதங்கள். அவற்றை விளங்கிக்கொள்ளப் போய் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். புதிதாக வந்த குடும்பங்கள் இதைப் பொறுமையாக வாசிக்கவேண்டும்.

முதலில் ஒரு கேள்வி. சுவரில் இருப்பது ஒரு துவாரம். கதவைத் தட்டுவதோ நாலு கம்பனி. இது எப்படி?

எண்பதுகளில் இங்கு வந்த எமது மூத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. அப்போது கடிதம், தொலைபேசி, தபால் வங்கி யாவும் புண்டஸ்போஸ்ற் என்ற ஒரே அரசாங்க நிறுவனத்தின் கையில் இருந்தன. மஞ்சள் நிறத் தொலைபேசிக் கூண்டுக்குள் சில்லறைக் காசை அடுக்கிவைத்துக்கொண்டு நின்று கதைத்த கதையை அவர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு 12 மார்க், 50 மார்க் அட்டைகள் வந்தன. ஊருக்கு எடுத்தால் 'அம்மா சுகமோ' என்று கேட்டு அவர் அழுது முடிப்பதற்குள் அட்டை முடிந்துவிடும் என்பார் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் ஐயா. (அந்தக் கூண்டுகளில் காசு போட்டுக் கதைப்பதை ரெலிகொம் 2022 நவம்பரில் நிறுத்தியது. அட்டைக்கும் 2023 ஜனவரியுடன் முடிவு வந்தது.)

1989இல் புண்டஸ்போஸ்ற் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதில் தொலைபேசிப் பகுதி 1995 ஜனவரி 1இல் டொச்ச ரெலிகொம் என்ற பங்குக் கம்பனியாகியது. 1996இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 1998 ஜனவரி 1 முதல் தொலைபேசிச் சேவையில் ரெலிகொமின் தனியுரிமை ஒழிந்தது. அன்றிலிருந்து 01019, 01070, 01013 என்று ஓர் இலக்கத்தை முன்னால் அழுத்தி, அந்த நிமிடத்துக்கு யார் மலிவோ அவர் மூலம் ஊருக்கு எடுக்கலாம் என்ற நிலை வந்தது. எமது கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் தொலைபேசி அட்டைகள் தொங்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். வட்ஸ்அப்பும் வைபரும் வந்தபின் அந்த முன்னிலக்கங்களைத் தேடுவாரில்லை. 2024 முடிவுடன் அந்த முறையும் நின்றுவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். புதிய கம்பனிகள் வந்தாலும், தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் செப்புக் கம்பி ரெலிகொமிடமே இருந்தது. நூறு வருடமாகப் புதைத்த கம்பியை இன்னொருவர் வந்து ஒரே நாளில் புதைக்க முடியுமா? ஆகவே கம்பியை மற்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. வாடகை எவ்வளவு என்பதைத் தீர்மானிக்க ஒரு நடுவர் தேவைப்பட்டார். அந்த நடுவர் அலுவலகம் பொண் நகரில் 1998இல் தொடங்கியது. 1999இல் ஒரு கம்பிக்கு மாதம் 25.40 மார்க் என்று அது நிர்ணயித்தது. 2005 முதல் அதன் பெயர் புண்டஸ்நெற்ஸ்அகென்ரூர். இன்று தொலைபேசியுடன் மின்சாரம், எரிவாயு, தபால், புகையிரதப் பாதை எல்லாவற்றையும் அது கண்காணிக்கிறது. பெயர் வாய்க்குள் நுழையாவிட்டாலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கம்பி வாடகை முறையை விளங்கிக்கொண்டால் இன்னொரு மர்மமும் தீரும். நீங்கள் வேறொரு கம்பனிக்குக் காசு கட்டுவீர்கள். இணைப்புப் பழுதானால் திருத்த வருபவரோ ரெலிகொம் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். 'நான் உங்களிட்ட எடுக்கேல்லையே' என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிய வீடும் உண்டு. அனுப்பிவிடாதீர்கள், கம்பி அவர்களுடையதுதான்.

ரெலிகொமின் தலைமைச் செயலகமும் பொண் நகரில்தான் இருக்கிறது. ரெலிகொமின் பங்குகளில் கால்வாசிக்கு மேல் இன்றும் ஜேர்மன் அரசிடமும் அரச வங்கியிடமும் உள்ளன. கிரிக்கெற்றில் ஓர் அணியின் சொந்தக்காரரே நடுவருக்கும் சம்பளம் கொடுப்பது போன்றது இது. மற்றக் கம்பனிகள் இதைச் சொல்லிக் குறைப்படுவதில் நியாயம் இல்லை என்று சொல்லமுடியாது. ஆயினும் நடுவரின் தீர்ப்புகள் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றன, பிடிக்காதவர் நீதிமன்றம் போகிறார்.

ஊரிலும் இதே காலத்தில் இதே மாற்றம் நடந்தது. 1991இல் இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 1996இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வந்தது. 1997இல் ரெலிகொமின் 35 வீதத்தை யப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. கடதாசியில் பார்த்தால் கொழும்புக்கும் பொண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் கொழும்பு ஆணைக்குழுவின் தலைவராக ஜனாதிபதியின் செயலாளரே இருந்த காலமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிப் பகுதியில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் யாவும் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் மீண்டும் முடக்கம். 2022 ஏப்ரல் 3இல், மக்கள் அரசுக்கு எதிராகத் தெருவில் இறங்கவிருந்த நாளில், பாதுகாப்பு அமைச்சு கேட்டது என்று ஆணைக்குழு தடை போட்டது. அது ஒரு நாளைக்குள் நீக்கப்பட்டது. ஆனால் அந்த ஒரு நாளில் இங்கே எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பது எமக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பல வருடங்கள் தொலைபேசியே இல்லாமல் இருந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு, தொடர்பு அறுந்தால் மனம் எங்கே போகும் என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆகவேதான் இந்தக் கம்பியை ஒரு சாதாரண வீட்டுச் சாமானாக நான் நினைப்பதில்லை.

ஜேர்மனியிலும் எல்லாம் சிறப்பு என்று எண்ணிவிடவேண்டாம். 1981இல் சான்சிலர் ஸ்மித்தின் அரசு நாடு முழுவதும் கண்ணாடி இழை போடத் திட்டமிட்டது. வருடம் 300 கோடி மார்க் வீதம் 30 வருட வேலை. அடுத்து வந்த கோல் அரசு அதைக் கைவிட்டு, தொலைக்காட்சிக்காகச் செப்புக் கேபிளைப் புதைத்தது. 1999இல் ரெலிகொம் வேக இணைப்பைத் தொடங்கியபோது பழைய தொலைபேசிக் கம்பியிலேயே தொடங்கவேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் கைத்தொலைபேசி அலைவரிசைகளை ஏலம் விட்டு அரசு 9,880 கோடி மார்க்குக்கு மேல் எடுத்தது. வாங்கிய ஆறு கம்பனிகளில் இரண்டு கடைசிவரை சொந்த வலையமைப்பு எதையும் மக்களுக்குக் கொடுக்கவில்லை. மற்ற நாலும் கொட்டிய பணத்தை யாரிடம் எடுத்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி எங்கள் வீட்டு விடயத்துக்கு வருவோம்.

ஆஹெனில் ஒரு வீட்டுக்குள் இணைப்பு மூன்று வழியால் வரலாம். ஒன்று பழைய தொலைபேசிக் கம்பி. இதில் தெருவோரத்துச் சாம்பல் நிறப் பெட்டிக்கும் உங்கள் வீட்டுக்கும் தூரம் கூடக் கூட வேகம் குறையும். இரண்டாவது தொலைக்காட்சிக் கேபிள். எமது மாநிலத்தில் இது 2019 முதல் வொடபோனிடம் இருக்கிறது. பக்கத்து வீடுகளுடன் பகிரும் கம்பி என்பதால் பின்னேரம் எல்லோரும் படம் பார்க்கும் நேரத்தில் இது களைத்துப்போகலாம். மூன்றாவது கண்ணாடி இழை. அது வந்த வீடு அதிர்ஷ்டமான வீடு. ரெலிகொம், வொடபோன் தவிர நெற்ஆஹென் என்ற உள்ளூர்க் கம்பனியும் இங்கு உண்டு. எல்லா வீட்டிலும் மூன்று வழியும் இராது. எது இருக்கிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு அறிந்தபின்பே கம்பனியைத் தேடவேண்டும்.

கேபிள் பற்றி இன்னொன்று. முன்பு தொலைக்காட்சிக் கேபிளுக்கான காசை வீட்டுக்காரர் நேபன்கொஸ்ரன் கணக்கில் சேர்த்து எல்லோரிடமும் அறவிட்டார், ரீவி பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். 2024 ஜூலை 1 முதல் அதற்கு அனுமதி இல்லை. வருடக் கணக்கு வரும்போது, அந்தத் திகதிக்குப் பிந்திய மாதங்களுக்குக் கேபிள் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதிக் கேளுங்கள். இந்த மாற்றத்தைச் சாட்டாக வைத்து, 'கேபிள் பரிசோதிக்க வந்தோம், கையெழுத்து வைக்காவிட்டால் ரீவி நின்றுவிடும்' என்று படியேறி வருபவர்களும் உண்டு. சாதாரண ரீவி பார்க்க யாரிடமும் ஒப்பந்தம் செய்தே ஆகவேண்டும் என்ற சட்டம் கிடையாது.

எமது தெருவில் இரண்டு பிள்ளைகளுடன் இருக்கும் ஓர் அக்காவிடம் இப்படி ஒருவர் வந்தார். கணவர் இரவு வேலை முடித்து நித்திரை. வந்தவர் நல்ல சப்பாத்து, கழுத்தில் அட்டை, வாய் நிறையச் சிரிப்பு. கண்ணாடி இழை வருகிறது, வீட்டைப் பதிவு செய்யவேண்டும் என்று கையில் இருந்த திரையை நீட்டினார். அக்கா விரலால் கீறிவிட்டார். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. "தம்பி, வாழ்த்துக்கள் எண்டு போட்டிருக்கு, என்ன விழுந்திருக்கெண்டு பார்" என்று கொண்டுவந்து தந்தார். விழுந்தது 24 மாத ஒப்பந்தம். பழைய கம்பனியுடன் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இரண்டுக்கும் கட்டியிருக்க வேண்டும்.

வாசலில் செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பப் பெறலாம். இதற்கு விடர்றூப் என்று பெயர். இந்த உரிமையைப் பற்றி உங்களுக்கு ஒழுங்காக அறிவிக்கவில்லை என்றால் காலம் இன்னும் ஒரு வருடம் நீளும். அக்காவுக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினோம்: பெயர், விலாசம், ஒப்பந்த இலக்கம், 'இந்த ஒப்பந்தத்தை மீளப் பெறுகிறேன்' என்ற வசனம், திகதி, கையெழுத்து. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்தினோம். இரண்டு கிழமையில் கம்பனி ஏற்றுக்கொண்டு பதில் போட்டது. தொலைபேசியில் சொன்னால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சொன்னதற்குச் சாட்சி யார்?

2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் எமக்குப் பல விதத்தில் சாதகமானது. ஒப்பந்தம் செய்யுமுன் கம்பனி ஒரு சுருக்கம் தரவேண்டும். விலை, காலம், வேகம் எல்லாம் அதில் இருக்கும். தொலைபேசியில் பேசி விற்பவரிடம் வாய் தவறி 'யா' என்று சொல்லிவிட்டாலும், அந்தச் சுருக்கத்தைப் பெற்று நீங்கள் எழுத்தில் சம்மதிக்கும்வரை ஒப்பந்தம் செல்லாது. ஆகவே 'ஓம் என்று பதில் அனுப்புங்கள்' என்று வரும் மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் அவசரப்பட்டு அழுத்தவேண்டாம். முதல் ஒப்பந்தம் 24 மாதத்துக்கு மேல் இருக்கமுடியாது. அது முடிந்தபின் முன்புபோல் தானாக இன்னொரு வருடம் நீளாது, ஒரு மாத அறிவித்தலில் நிறுத்தலாம். வீடு மாறும்போது புதிய விலாசத்தில் அதே சேவையைக் கம்பனியால் தரமுடியாவிட்டால், அப்போதும் ஒரு மாத அறிவித்தலில் வெளியேறலாம்.

சுருக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாக 250 என்று போட்டு அதன் முன்னால் சிறிதாக 'பிஸ் சூ' என்று இரண்டு சொல் இருக்கும். 'அதுவரை' என்று பொருள். சுருக்கத்தில் மூன்று வேகம் தரப்பட்டிருக்கும்: ஆகக் கூடியது, வழமையானது, ஆகக் குறைந்தது. எம்மவர் பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். மூன்றாவதே கம்பனி கொடுக்கும் உண்மையான வாக்கு என்பது எனது எண்ணம்.

வேகம் போதாது என்றால் புண்டஸ்நெற்ஸ்அகென்ரூர் தரும் இலவச அளவீட்டுப் புறோகிறாமைக் கொம்பியூட்டரில் போட்டு அளக்கலாம். மூன்று நாட்களில், நாளுக்குப் பத்தாக, 30 தடவை அளக்கவேண்டும். வைபையில் அளந்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். பெட்டியிலிருந்து கொம்பியூட்டருக்குக் கம்பி போடவேண்டும். முடிவு மோசமாக இருந்தால் மாதக் கட்டணத்தைக் குறைக்கவோ ஒப்பந்தத்தை முறிக்கவோ கேட்கலாம். சலிப்பான வேலைதான். ஆனால் கம்பனிக்காரர் எமது உச்சரிப்பைக் கேட்டு இழுத்தடிக்கும் இடத்தில், இந்தத் தாள் நல்ல டொச் பேசும்.

இணைப்பு முற்றாக அறுந்தால் அன்றே அறிவித்து அறிவித்த இலக்கத்தை வாங்குங்கள். மூன்றாம் நாளும் திருத்தாவிட்டால் அன்றும் மறுநாளும் 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 வீதம், ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு 10 யூரோ அல்லது 20 வீதம், இவற்றில் எது கூடவோ அது உங்களுக்குரியது. திருத்த வருவதாகச் சொல்லி வராமல் விட்டாலும் அப்படியே. வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். கேட்டால்தான் தருவார்கள்.

வேக இணைப்பே இல்லாத வீடு கிடைத்தால்? அதற்கும் 2022 ஜூன் முதல் ஓர் ஆகக்குறைந்த உரிமை உண்டு. முதலில் 10 மெகாபிற் என்று இருந்ததை 2024 இறுதியில் 15 ஆக்கினார்கள். பெரிய வேகமல்ல. அம்மாவின் முகம் தெரியும், பிள்ளையின் பாடமும் போகும்.

சொல்லத் தயங்கினாலும் சொல்லவேண்டிய ஒன்று, பெயர் கொடுப்பது. வங்கிக் கணக்கு இல்லாத புதியவருக்காகத் தன் பெயரில் இணைப்பு எடுத்துக்கொடுக்கும் பழக்கம் எமது ஆட்களிடம் உண்டு. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அவர் வேறு நகருக்குப் போய்விட்டால் கடிதங்கள் உங்களுக்கே வரும். கட்டாமல் விட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு இன்காசோ, பிறகு ஷூபாவில் பதிவு. அடுத்த வீடு தேடும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த ஷூபாத் தாளைத்தான். புதியவருக்கு முன்பணம் போட்டுக் கதைக்கும் சிம் போதும். 2017 ஜூலை முதல் அதற்கும் அடையாள அட்டை காட்டவேண்டும், அவரவர் அட்டையில் அவரவர் எடுக்கட்டும். கடன் வந்துவிட்டாலும் 100 யூரோவுக்குக் கீழ் என்றால் இணைப்பைத் துண்டிக்க முடியாது. துண்டிக்குமுன் இரண்டு கிழமை எச்சரிக்கை தரவேண்டும். நீங்கள் எழுத்தில் மறுத்த தொகை அந்த நூறில் சேராது.

கம்பனியுடன் எழுதியும் தீராவிட்டால், பொண் அலுவலகத்தின் இணக்கப் பிரிவுக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. டொச்சில் எழுத உதவி தேவைப்படுபவர்கள் ஆஹெனில் உள்ள பாவனையாளர் ஆலோசனை நிலையமான வெர்பிறவுகர்சென்றாலவுக்குப் போகலாம். அங்கு சிறு கட்டணம் கேட்கக்கூடும், முன்பே விசாரியுங்கள். எல்லாக் கடதாசியையும் கையோடு கொண்டுபோங்கள்.

கடைசியாக, எல்லை நகரத்தவர்களான எமக்கு ஒரு விசேட விடயம். வால்ஸ் பக்கம் நடக்கப் போனால் கைத்தொலைபேசி ஒல்லாந்து வலையைப் பிடிக்கும், சற்று அப்பால் பெல்ஜியத்தைப் பிடிக்கும். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இதற்கு மேலதிகக் காசு இல்லை. நோர்வேக்கும் அப்படியே. ஆனால் ஜேர்மனியில் இருந்தபடி பாரிஸில் உள்ள அண்ணைக்கு எடுப்பது வேறு கணக்கு. அதற்கு 2019 மே முதல் நிமிடத்துக்கு வரி தவிர 19 சதம் என்ற உச்சவரம்பு உண்டு. இலங்கைக்கு எடுக்க அப்படி வரம்பு எதுவும் கிடையாது. லண்டனும் சுவிசும் ஒன்றியத்துக்கு வெளியே. சில கம்பனிகள் இவற்றைத் தாமாகச் சேர்த்திருக்கின்றன, சில சேர்க்கவில்லை. கோவில் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் சுவிசுக்குப் போகும் குடும்பங்கள் புறப்படுமுன் ஒப்பந்தத்தைப் பார்க்கவேண்டும். சேர்க்கப்படவில்லை என்றால் பாசல் வருமுன்பே தரவு இணைப்பை நிறுத்திவிடுங்கள். எல்லையோரத்துக் கிராமத்தில் வைத்தே சுவிஸ் வலையைப் பிடித்துவிடும், பின் இருக்கையில் பிள்ளைகள் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.